மீரா முகைதீன் வீட்டுக்குப் பக்கத்தில்

மாவட்டத்தில் எதிலாவது முதலாம் இடம் வரவேண்டும் என்று மீரா முகைதீன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசிக்கு முந்திய இடத்தில் பாதுகாப்பாக இருந்துவிட்டு, ஆறாம் வகுப்போடு களப்பில் மீன்பிடிக்க இறங்கியவர் அவர். ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு வியாழக்கிழமை முற்பகல், அந்தப் பெருமை அவரைத் தேடிக்கொண்டு அவருடைய ஊரான எத்தாளைக்கே வந்துவிட்டது. வந்தது கடிதமாக. கடிதம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அந்த உறை சாம்பல் நிறத்தில் இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கடிதத்துக்கு அடிபட்டுவிடக் கூடாதே என்று இரண்டுக்கும் நடுவில் குமிழித்தாள் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.

கொண்டுவந்தவன் இப்ஹாம். ஒன்லைனில் ஆட்கள் வாங்கும் சாமான்களை மோட்டார்சைக்கிளில் வீடுவீடாகக் கொடுப்பது அவனுடைய தொழில். இந்த ஒழுங்கையில் அவன் கால் படாத வாசல் மீரா முகைதீனுடையது மட்டும்தான். அந்த வாசலில் அவனும் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டுதான் நின்றான்.

"நானா, இது உங்களுக்கேதான்," என்றான்.

அனுப்பியது 'கரையோரப் பொதிக்கழிவுப் பொறுப்புக்கூறல் அலகு'. அலுவலகம் முந்தலில். களப்பிலும் கரையிலும் மீட்கப்பட்ட ஒன்லைன் பொதியுறைகளைக் கணினி மூலம் ஆராய்ந்ததில், ஒரே வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று உறைகளுக்கு உரித்தாளராகிய தாங்கள் மாவட்டத்தில் முதலாம் இடம் பெற்றிருப்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறியத்தருவதில் மகிழ்ச்சியடைகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டாம் இடத்துக்கு வந்தவர் வெறும் அறுபத்தொன்றோடு நின்றுவிட்டாராம். கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது. இந்த நிலை சீராகும்வரை தங்கள் களப்பு மீன்பிடி அனுமதி புதுப்பிக்கப்படமாட்டாது.

மீரா முகைதீன் ஒன்லைனில் ஒரு குண்டூசிகூட வாங்கியவர் அல்லர். அவருடைய போனில் பொத்தான்கள் உண்டு. அதில் கதைக்கலாம், நேரம் பார்க்கலாம், இருட்டில் வள்ளத்துக்குள் டோர்ச் அடிக்கலாம். அவ்வளவுதான். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தன்னுடையதாகத் தெரியாத ஓர் உணர்ச்சிதான் இருந்தது. மனைவி மைமூனாதான் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அனுமதி மாத முடிவோடு தீர்ந்துவிடும். அடுத்த மாதம் மழை விழுந்தால் களப்பில் இறால் கிளம்பும். அந்த மூன்று மாதத்து இறாலில்தான் அந்த வீட்டின் ஒரு வருடத்துச் சோறு இருந்தது.

இந்த முதலாம் இடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒழுங்கைக்குப் பெயர் இல்லை. பெயர் வைக்கிறோம் என்று வாக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். பெயர் மட்டும் வரவில்லை. வீடுகளுக்கு இலக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. மின்சாரக்காரர்கள் ஒன்று போட்டார்கள், வாக்காளர் பட்டியலில் ஒன்று இருந்தது, டெங்கு பார்க்க வந்தவர்கள் சுவரில் சோக்கால் ஒன்று எழுதினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆகவே அறுபது வீட்டுக்காரர்களும் ஒழுங்கை முகப்பில் இருந்த முதல் வீட்டை அடையாளமாகப் பிடித்துக்கொண்டார்கள். கலியாண அழைப்பிதழில் 'மீரா முகைதீன் வீட்டு ஒழுங்கை' என்றுதான் போடுவார்கள். மையித்து அறிவித்தாலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அப்படித்தான் சொல்லும். மீரா முகைதீனுக்கு இதில் உள்ளூர ஒரு சந்தோசம் இருந்ததை மறைக்கவேண்டியதில்லை.

பிறகு ஒன்லைன் வந்தது. சாமான் ஓடர் பண்ணும்போது விலாசத்தின் முதல் வரிதான் ஸ்டிக்கரில் பெரிதாக விழும், மற்றதெல்லாம் எறும்பு மாதிரி விழும் என்று கண்டுபிடித்தவன் இப்ஹாம். முதல் வரியில் 'மீரா முகைதீன் வீட்டுக்குப் பக்கத்தில்' என்று போடச்சொல்லி வீடுவீடாகப் படிப்பித்தவனும் அவனே. ஊர் அப்படியே செய்தது. அந்த வரியும் நீளம் கூடிப்போனதால் கணினி பாதியில் வெட்டிவிட்டது. மிஞ்சியது 'மீரா முகைதீன்' மட்டும். அதுவும் ஆங்கிலத்தில்.

சாமானை எடுத்த பிறகு உறை என்னாகும்? பிரதேச சபையின் குப்பை ட்ரக்டர் இந்த ஒழுங்கைக்குள் வராது. பெயரில்லாத ஒழுங்கை அதன் பட்டியலில் இல்லை. கொஞ்சத்தை எரித்தார்கள், கொஞ்சத்தைக் கண்டல் மரங்களுக்குள் தள்ளினார்கள், மிச்சத்தைச் சோளகக் காற்று பார்த்துக்கொண்டது. எல்லாம் கடைசியில் களப்பில் வந்து சேர்ந்தது. மீரா முகைதீனின் வலையில் ஓராவும் திரளியும் விழுந்த இடத்தில் சாம்பல் உறைகள் விழத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. மீனைப் பிரித்துவிட்டு அவற்றை வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் குவித்துவைப்பார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இரண்டு வருடமாகத் தன் பெயரைத்தான் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வள்ளத்தில் ஏறியிருந்தன.

திங்கட்கிழமை அவர் வெள்ளைச் சேட் உடுத்திக்கொண்டு, பாலாவியில் பஸ் மாறி, முந்தலுக்குப் போனார். அலகு ஓர் உரக்கடையின் மேல்மாடியில் இருந்தது. வாசலில் 'பிளாஸ்டிக் இல்லாத வளாகம்' என்ற பதாகை பிளாஸ்டிக்கில் தொங்கியது. உதவிப் பணிப்பாளர் சஜீவன் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று கைகொடுத்து, கதிரை இழுத்துப் போட்டு, போத்தல் தண்ணீர் வைத்து, மாவட்டத்தின் முதலாமவரை நேரில் காண்பது தங்கள் அலுவலகத்துக்குக் கௌரவம் என்றார்.

மீரா முகைதீன் நடந்ததைச் சொன்னார். ஒழுங்கைக்குப் பெயரில்லாததைச் சொன்னார், ஸ்டிக்கரைச் சொன்னார், தன் போனை எடுத்து மேசையில் வைத்தும் காட்டினார். சஜீவன் அந்தப் போனை அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு அலுமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து, அதில் பெரிதாக இருந்த எழுத்துகளில் விரலை வைத்து, இதுதான் உங்கள் பெயர் என்று காட்டினார். மீரா முகைதீன் குனிந்து பார்த்தார். பழக்கமான முகமாக இருந்தது. எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார்.

"நீங்கள் வாங்கினீர்களா இல்லையா என்பது எங்களுடைய கேள்வியே இல்லை, ஐயா," என்றார் சஜீவன். "நாங்கள் யாரையும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. கணினி பார்க்குது. நாங்கள் கணினியைப் பார்க்கிறோம்."

"வாங்கின ஆக்கள் அறுபது வீட்டிலயும் ஈக்கிறாங்க, சேர்."

"அதுதான் சிக்கல். அறுபது வீட்டைத் தேடிப்போக எங்களுக்கு எரிபொருள் ஒதுக்கீடு இல்லை. ஒருவரைத் தேடிவர இருக்குது."

விற்றவர்களைக் கேட்கலாமே என்று மீரா முகைதீன் மெல்லச் சொல்லிப்பார்த்தார். சஜீவன் முதல்தடவையாகச் சங்கடப்பட்டார். விற்பது 'வாசற்படி' என்ற கம்பனி. அலகின் இந்தக் கணினி, மேசை, குளிரூட்டி, ஏன், மீரா முகைதீன் குடிக்காமல் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்கூட வாசற்படியின் அனுசரணையில் வந்தது. சுற்றாடலில் அவ்வளவு அக்கறையுள்ள ஒரு நிறுவனத்தைச் சந்தேகிப்பது அழகல்ல என்று அவர் நினைத்தார். ஆனாலும் வழியில்லாமல் இல்லை. மீரா முகைதீன் தமது வாடிக்கையாளர் அல்லர் என்று வாசற்படி ஒரு கடிதம் கொடுத்தால், பெயரை நீக்கி அனுமதியைப் புதுப்பித்துவிடலாம்.

இவ்வளவுதானா என்று மீரா முகைதீனுக்கு மனம் இலேசாகிவிட்டது. வரும் வழியில் பாலாவியில் இறங்கி ஒரு பிளேன்டீயும் குடித்தார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எந்த மார்க்கத்துக்காரருக்கும் பொருந்துகிற பழமொழி. இப்ஹாம் கம்பனியோடு இரண்டு நாள் போனில் கதைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். கம்பனி தாராளமாகக் கடிதம் கொடுக்குமாம். ஆனால் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் கொடுக்குமாம். வாடிக்கையாளர் அல்லாதவருடைய விபரம் அவர்களிடம் இல்லாதபடியால், அவர் வாடிக்கையாளர் அல்லர் என்பதை அவர்களால் உறுதிப்படுத்த முடியாது.

"நானா, சின்னச் சாமான் ஒண்டு ஓடர் பண்ணுவம். நகம்வெட்டி சரி. அதுக்குப் பொறகு நீங்க வாடிக்கையாளர். கடிதம் கேக்கலாம்."

"என்னண்டு கேக்கிற? நான் வாடிக்கையாளர் இல்லண்டா?"

இப்ஹாம் யோசித்தான். யோசித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். எது போனாலும் பரவாயில்லை, செய்யாத காரியத்தைச் செய்துவிட்டு, செய்யவில்லை என்று நிரூபிக்க மாட்டேன் என்று மீரா முகைதீன் மனைவியிடம் சொன்னார். அவரிடம் அப்போது மிஞ்சியிருந்த சொத்து அந்த ஒன்றுதான்.

ஒழுங்கைக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். விசயம் தெரிந்ததும் அடுத்த வீட்டுப் பஸீஹா அழுதேவிட்டாள். அறுபது வீட்டிலும் மிகக் கூடுதலாக ஓடர் பண்ணுகிறவள் அவள்தான். இனி நானாவின் பெயரைப் போடுவதில்லை என்று எல்லாரும் தீர்மானித்தார்கள். தீர்மானம் எட்டு நாள் நின்றது. ஒன்பதாவது நாள் பஸீஹாவின் இடியப்பத் தட்டுகள் விலாசம் தெரியாமல் தலவில கோயில் வரைக்கும் யாத்திரை போய்த் திரும்பக் கொழும்புக்கே போய்விட்டன. அதன் பிறகு எல்லாரும் பழைய வழிக்கு வந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், முன்பு கேட்காமல் போட்டார்கள். இப்போது வாசலில் வந்து மாப்புக் கேட்டுவிட்டுப் போட்டார்கள். "நானா, மன்னிச்சுக்கொள்ளுங்க, ஒரே ஒரு பிளெண்டர் மட்டும்," என்பாள் பஸீஹா. மீரா முகைதீன் தலையாட்டுவார். தலையாட்டுவது அவருக்கு இப்போது தும்மலைப் போல வந்துகொண்டிருந்தது.

மாத முடிவில் அனுமதி தீர்ந்தது. வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவைத்தார்.

மழைக்கு முந்திய வாரத்தில் அலகு எத்தாளைக் கரையில் ஒரு மாபெரும் சுத்திகரிப்பு விழா வைத்தது. மாவட்டத்தின் முதலாமவருடைய ஊரில் வைப்பதே பொருத்தம் என்று முடிவுசெய்திருந்தார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முந்தியே இப்ஹாம் ஒரு லொறியோடு வந்து இறங்கினான். இருநூறு ரீசேட், இருநூறு தொப்பி, இருநூறு சோடிக் கையுறை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சாம்பல் உறையில். வாங்கியது அலகு. விற்றது வாசற்படி. கரைக்கும் பெயரில்லாததால் விலாசத்தின் முதல் வரியில் அலகு என்ன போட்டிருந்தது என்று மீரா முகைதீன் ஓர் உறையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம் அது. அதுதான் இருந்தது.

நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. இனி விளங்காமல் இருக்க முடியாது, சேரே தன் கையால் எழுதியிருக்கிறாரே என்று அந்த உறையை மடித்துச் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார் என்று மைமூனா பிறகு சொன்னாள்.

விழாவில் இருநூறு பேர் ரீசேட்டைப் போட்டுக்கொண்டு, உறையைக் கீழே போட்டுவிட்டு, கீழே கிடக்கும் உறைகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். முதல் அரைமணி நேரத்திலேயே எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்ததென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி வந்தது, கரண்டி வந்தது, கரண்டிக்கு உறை வந்தது. பிறகு சஜீவன் பேச எழுந்தார்.

"அன்பார்ந்தவர்களே, எமது அலகு ஆரம்பித்தபோது இந்தக் கரையில் உறைகள் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இன்று தெரியும். அதுதான் எங்கள் சாதனை. போன வருடம் ஆயிரத்து நூறு எண்ணினோம். இந்த வருடம் இன்ஷா அல்லாஹ் இரண்டாயிரம் எண்ணுவோம். உறைகள் குறைந்துபோனால் எண்ணுவதற்கு ஆளெதற்கு என்று மேலிடத்தில் கேட்பார்கள். அந்த நிலை எங்களுக்கு வராமல் பார்த்துக்கொள்வது பொதுமக்களாகிய உங்கள் பொறுப்பு. பொறுப்பு எப்போதும் பொதுமக்களுடையது. பொறுப்புக்கூறல் மட்டும்தான் எங்களுடையது."

நல்ல கைதட்டல். கையுறை போட்டிருந்தபடியால் சத்தம் கொஞ்சம் குறைவு.

மீரா முகைதீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மடியிலிருந்த உறையை எடுத்து நீட்டினார்.

"சேர், இது நீங்க எடுத்த ரீசேட். இதுலயும் என்ட பேர்தான் ஈக்கி. அப்ப இது நான் வாங்கினதா?"

சஜீவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஒரு மனிதர் வந்துபோனார். பிறகு உதவிப் பணிப்பாளர் திரும்பி வந்தார்.

"இது நிகழ்வு முகவரி, ஐயா. உங்களுடையது தனிநபர் முகவரி. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது," என்றார். "ஆனா உறை உறைதான். கணினிக்கு அதெல்லாம் தெரியாது. இந்த அறுநூறும் உங்கள் கணக்கிலதான் விழும். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

கோபம் வருமென்று மீரா முகைதீன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தார். வரவில்லை. அன்று பொறுக்கிய உறைகளையெல்லாம் அவருடைய முற்றத்தில் குவித்துவிட்டுப் போனார்கள். விசாரணை முடியும்வரை பொருள் உரித்தாளரின் பொறுப்பில் இருக்கவேண்டுமாம். அன்றிரவு பெய்த மழையும் காற்றும் அதில் பாதியைத் திரும்பக் களப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஆனால் சஜீவன் இரக்கமில்லாதவர் அல்லர். பத்து நாளில் விசேட அனுமதி ஒன்று வந்தது. அலகு நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. களப்பில் கிடக்கும் உறைகள் மீரா முகைதீனுடைய பொருள். தன் பொருளை எடுக்கப் போகும் ஒருவரைச் சட்டம் தடுக்க முடியாது. ஆகவே அவர் வள்ளத்தையும் வலையையும் கொண்டு களப்பில் இறங்கலாம். நாளொன்றுக்குக் குறைந்தது முப்பது உறை கொண்டுவந்து காட்டவேண்டும். குறைந்தால் அனுமதி ரத்து. முப்பதுக்கு ஒரு கொடுப்பனவும் உண்டு, ஒரு நாள் இறால் வருமானத்தில் பத்தில் ஒன்று. இது மீன்பிடி அனுமதி அல்லாதபடியால், வலையில் தற்செயலாக விழும் மீன், இறால், நண்டு அனைத்தும் உடனே நீரில் விடப்படவேண்டும். களவாய்ப் பிடித்தது என்ற சந்தேகம் எழாதிருக்க, அனுமதியாளரின் வீட்டில் சமைக்கப்படும் எந்த மீனுக்கும் கணினியில் அச்சிட்ட பற்றுச்சீட்டு இருக்கவேண்டும்.

களப்பு அந்த வருடம் அள்ளிக் கொடுத்தது. மற்ற வள்ளங்கள் இறாலோடு கரைக்கு வந்தன. மீரா முகைதீன் வலையை இழுப்பார், துள்ளிக்கொண்டிருக்கும் இறாலைக் கைநிறைய அள்ளித் தண்ணீரில் விடுவார், உறைகளை உதறி அணியத்தில் அடுக்குவார். முதல் நாள் எத்தனை கை அள்ளினார் என்று எண்ணினார். பிறகு எண்ணவில்லை. பக்கத்து வள்ளக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். ஒருவர் பொறுக்கமாட்டாமல் இரண்டு திரளியைக் கொடுத்தனுப்பினார். மைமூனா அதைத் திருப்பி அனுப்பினாள். பற்றுச்சீட்டு இல்லை.

மீன்காரரின் வீட்டில் மூன்று கிழமை பருப்பும் முருங்கையிலையும்தான். நாலாம் கிழமை மைமூனா பஸீஹாவைத் தேடிப்போனாள். ஒழுங்கைக் கடையில் டின்மீன் இருந்தது, ஆனால் அந்தக் கடைக்காரர் துண்டு எழுதித்தருகிற பழக்கம் இல்லாதவர். கணினியில் அச்சிட்ட பற்றுச்சீட்டோடு டின்மீன் விற்கிற இடம் ஒன்றுதான் இருந்தது. பஸீஹா தன் போனில் தட்டினாள். விலாசத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு மைமூனாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ராத்தா, முதல் வரியில என்ன போடுற?"

"அவர்ட பேரத்தான் போடு," என்றாள் மைமூனா. "வேறென்ன பேர் ஈக்கி."

இப்ஹாம் கொண்டுவந்தான். ஆறு டின்னுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் குமிழித்தாள், பெட்டியைச் சுற்றி ஒரு சாம்பல் உறை. வாசலில் வைத்துவிட்டு, தன் போனில் வந்த ஓடரில் இந்த முறை 'பக்கத்தில்' என்ற வார்த்தை இல்லை என்பதை அவனும் கவனித்தான். மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று பகல் டின்மீன் கறியோடு மீரா முகைதீன் சாப்பிட்டார். ருசி எப்படி என்று மைமூனா கேட்டாள். நல்லம் என்றார். கை கழுவிவிட்டு வந்து, அந்த உறையை நாலாக மடித்துச் சாரத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏன் வைத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காற்று மாறியிருந்தது. உறைகளெல்லாம் எதிர்க்கரைக்கு ஒதுங்கிவிட்டன. மூன்று தரம் வலை இழுத்தும் இருபத்தொன்பதுதான் தேறியது. கடைசி இழுப்பில் உறை ஒன்றும் இல்லை. வலை நிறையத் திரளி. கரையில் அலகின் ஆள் புத்தகத்தோடு குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

மீரா முகைதீன் திரளிகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். பிறகு மடியிலிருந்த உறையை எடுத்து விரித்து, தண்ணீரில் மெதுவாக வைத்தார். ஐம்பத்தெட்டு வருடத்தில் அந்தக் களப்புக்குள் அவர் கையால் விழுந்த முதல் உறை அது. நனையட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, வலையை வீசி இழுத்து எடுத்துக்கொண்டார்.

கரையில் எண்ணிப் பார்த்த அலகுக்காரன் கடைசி உறையில் பெயரைச் சரிபார்த்தான்.

"முப்பது. சரி," என்றான்.

மீரா முகைதீன் தலையாட்டினார்.